மாப்பிள்ளைக்கு வில்லங்கம் பார்க்க முடியுமா?

போன மாசம் மந்தைவெளியில் இருக்கும் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். தங்கைக்கு வரன் வந்திருக்கிறது. பையன் வீடு அடையாறு, ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு நெருடல். "பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி விட்டுப்போச்சுன்னு யாரோ சொல்றாங்கடா. நீதான் பழைய ரெக்கார்டெல்லாம் தேடுற ஆளாச்சே. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பாத்துச் சொல்லேன்."

"எந்த ஆபீஸ்ல?"

"அது தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கிறேன்?"

இதே நண்பன் இரண்டு வருஷம் முன்னால் மேடவாக்கம் பக்கம் ஒரு மனை வாங்கினான். அப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு, அந்த மனை யார் யார் கைமாறி வந்தது, எந்த வங்கியில் அடமானம் இருந்தது, எப்போது மீட்கப்பட்டது எல்லாவற்றையும் காசு கொடுக்காமலே பார்த்தான். மனையின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது.

மனையைப் பதிந்த அதே சார்பதிவாளர்தான் நம் ஊரில் திருமணத்தையும் பதிகிறார். பல இடங்களில் அதே கட்டடம், அதே பெஞ்சு. ஆனால் நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கலாம், மாப்பிள்ளைக்குப் பார்க்க முடியாது. ஏன் முடியாது, முடிய வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதிப் பார்க்கிறேன்.

தவறான வாசல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிறப்பு, இறப்புச் சான்றுக்கு மாநகராட்சிக்குப் போகிறோம். அதனால் கல்யாணமும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்துப் பலர் ரிப்பன் மாளிகைக்கோ மண்டல அலுவலகத்துக்கோ போய்த் திரும்புகிறார்கள். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் திருமணத்தைப் பதிகின்றன. தமிழ்நாட்டில் அது பதிவுத்துறையின் வேலை. துறையின் தலைமை அலுவலகம் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பதிவேடுகள் அங்கே அல்ல, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன.

பதிவேடும் ஒன்றல்ல. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு ஒன்று. 1955 இந்து திருமணச் சட்டத்துக்கு ஒன்று. கிறிஸ்தவர்களுக்கு 1872 சட்டப்படி ஒன்று. இவற்றுக்கு மேல், எல்லா மதத்தாரும் கட்டாயம் பதிய வேண்டும் என்று தமிழ்நாடு கொண்டுவந்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்னொன்று. சீமா எதிர் அஷ்வனி குமார் வழக்கில் 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் இட்ட கட்டளையின் விளைவு அது. 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள்.

கல்யாணம் நடந்த இடத்து அலுவலகத்தில்தான் பதிய வேண்டும் என்று முதலில் இருந்ததை, மணமகன் அல்லது மணமகள் குடியிருக்கும் இடத்திலும் பதியலாம் என்று பின்னால் தளர்த்தினார்கள். தம்பதிக்கு இது நல்ல சலுகை. தேடுகிறவனுக்கு ஒரு கல்யாணத்துக்கு மூன்று அலுவலகம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பதிவேடு என்று ஆகிறது.

திறந்திருக்கிறது என்று சட்டம் சொல்கிறது

இந்து திருமணச் சட்டம் 8(4) பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். திருமணப் பதிவேடு நியாயமான எல்லா நேரங்களிலும் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும், கட்டணம் கட்டிக் கேட்டால் சான்றிட்ட நகல் தர வேண்டும் என்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. எழுத்துப்படி பார்த்தால் என் நண்பன் போய்ப் பதிவேட்டைக் கேட்கலாம்.

ஆனால் எந்தப் பக்கத்தைக் கேட்பான்? சட்டம் கதவைத் திறந்து வைத்தது, உள்ளே விளக்குப் போடவில்லை. மனைக்கு சர்வே எண் இருக்கிறது, ஆள் மாறினாலும் எண் மாறாது. மனுஷனுக்கு அப்படி எதுவும் பதிவேட்டில் இல்லை. ஒருவரின் பெயரைப் போட்டு "இவருக்கு இந்த மாநிலத்தில் எங்காவது திருமணம் பதிவாகியிருக்கிறதா" என்று கேட்க வழி கிடையாது. அலுவலகம், ஆண்டு, எண் தெரிந்தவருக்கு நகல் கிடைக்கும். அதாவது, விடை தெரிந்தவர் மட்டும் கேள்வி கேட்கலாம்.

இது வெறும் ஆராய்ச்சியாளனின் புலம்பல் இல்லை. எங்கள் பெரியம்மா கதையைச் சொன்னால் புரியும்.

பெரியப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமானதும் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டார்கள். பணிப் பதிவேட்டில் மனைவி பெயர் என்று இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். மற்ற எல்லாக் காகிதத்திலும் பள்ளிக்கூடப் பெயர். இரண்டு பேரும் ஒருவரே என்று நிரூபிக்கத் திருமணச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். "அந்தக் காலத்துல யாரு பதிஞ்சா" என்று எல்லோரும் கையை விரித்தபோது பெரியம்மாதான் சொன்னார்: "குவார்ட்டர்ஸ் கிடைக்கிறதுக்காக ஒரு ஆபீஸ்ல போய்க் கையெழுத்து வெச்சோம்டா."

என்றைக்கு? "ஆனந்த வருஷம் தை மாசம் கல்யாணம்." மகன் போனில் தேடி ஆனந்த வருஷம் என்றால் 1974 என்று எழுதிக்கொண்டான். தென்சென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் 1974க்குத் தேடச் சொல்லிப் பணம் கட்டினார்கள். இல்லை என்று பதில் வந்தது. அத்தோடு விட்டிருப்பார்கள். யதேச்சையாக என்னிடம் சொன்னபோது தப்பு பிடிபட்டது. ஆனந்த வருஷம் 1974 சித்திரையில் பிறந்து 1975 பங்குனியில் முடிகிறது. அதன் தை மாதம் 1975 ஜனவரியில் வருகிறது. மேலும் பதிவேடு கல்யாணத் தேதிப்படி அடுக்கப்படுவதில்லை, பதிந்த தேதிப்படி. குவார்ட்டர்ஸ் கிடைத்தது அதற்கும் சில மாதம் கழித்து, ராட்சச வருஷத்தில்.

இரண்டாவது தடவை 1975க்குக் கேட்டோம். அப்போதும் இல்லை. காரணம் இனிஷியல். விண்ணப்பத்தில் பெரியம்மா பெயருக்கு முன்னால் கணவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருந்தார்கள். 1975இல் கையெழுத்து வைத்த பெண் தன் அப்பாவின் இனிஷியலோடுதான் வைத்திருக்கிறாள். தேடுகிற எழுத்தருக்கு அது வேறொரு பெண். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஆணின் இனிஷியல் சாகும்வரை ஒன்று, பெண்ணின் இனிஷியல் கல்யாணத்தில் மாறும். எந்த நிகழ்வைப் பதிகிறார்களோ அந்த நிகழ்வே அவள் பெயரை மாற்றி, தேட முடியாமல் ஆக்கிவிடுகிறது.

மூன்றாவது தடவை கிடைத்தது. ஆனால் அதற்குள் ஓய்வூதியம் வேறு வழியில் முடிந்துவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருவாய் ஆய்வாளர் வந்தார், பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் விசாரித்தார், "ஆமாங்க, இவங்கதான் அவரு சம்சாரம்" என்று அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். அதன் பேரில் சான்று வந்தது. தன் பதிவேட்டில் தன் அதிகாரியின் கையெழுத்தோடு இருக்கிற உண்மையை அரசு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பாட்டி நல்லவேளையாக உயிரோடு இருந்தார். நகரில் அடிக்கடி வீடு மாறி, அக்கம்பக்கம் யாரென்றே தெரியாமல் வாழும் பெண்ணுக்கு அந்தப் பாட்டியும் இல்லை.

திறந்திருக்கக் கூடாத பக்கம்

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். திருமணம் முடிந்த பிறகு இவ்வளவு இருட்டாக இருக்கிற அதே அலுவலகத்தில், திருமணத்துக்கு முன்னால் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று வெளிச்சத்தில் இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்ய 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். 6ஆம் பிரிவுப்படி அந்த அறிவிப்பை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டவும் வேண்டும். அதில் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் இருக்கும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அந்த மாவட்ட அலுவலருக்கும் ஒரு பிரதி போய் அங்கேயும் ஒட்டப்படும். ஊரைவிட்டு ஓடிவந்து அடையாறில் ஒரு அறையில் தங்கியிருக்கும் இருவரைப் பற்றி அவர்கள் ஊருக்கே அரசு செய்தி அனுப்புகிறது.

ஒரே மதத்துக்குள், அதாவது இரண்டு இந்துக்கள் சாதி மாறிக் கல்யாணம் செய்தால் இந்த அறிவிப்பு தேவையில்லை, இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம். மதம் மாறிக் காதலித்து, மதம் மாறாமலே சேர்ந்து வாழ நினைப்பவர்கள்தான் 30 நாள் சுவரில் தொங்க வேண்டும். 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த மாநிலம் இது. இங்கே 30 நாள் என்பது சும்மா ஒரு காலக்கெடு இல்லை. கேரளம் இந்த அறிவிப்புகளை இணையத்திலும் ஏற்றிவந்தது; அவற்றைப் பதிவிறக்கி மிரட்டலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று புகார் வந்ததும் 2020இல் நிறுத்தியது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அறிவிப்பை வெளியிடுவது தம்பதியர் விரும்பினால் மட்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் மட்டும் அப்படியே நிற்கிறது.

என் குறை இதுதான். நம் திருமணப் பதிவேடு மறைக்க வேண்டிய நேரத்தில் காட்டுகிறது, காட்ட வேண்டிய நேரத்தில் மறைக்கிறது. கல்யாணம் ஆகாத இருவரை ஊருக்குக் காட்டுகிறது. கல்யாணமான பெண் ஜீவனாம்சத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ வந்து நின்றால் "எண் என்னம்மா" என்கிறது.

பங்குச் சாமியார் செய்ததை

இதைச் சரியாகச் செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை. ஏனென்றால் சாந்தோமிலும் லஸ்ஸிலும் பங்குக் கோயில்களில் இதைப் பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு "ஓலை வாசிப்பது" நமக்குத் தெரியும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கட்டாயமாக்கிய வழக்கம். அதுவும் பொது அறிவிப்புதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் வாசிப்பது அந்த இருவரையும் தெரிந்த சபையின் முன்னால், அவர்கள் சம்மதத்தோடு.

அதைவிட முக்கியம் இன்னொன்று. 1908 முதல், ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு எழுதி அனுப்பி, அங்கே ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுகிறார்கள். அதனால் கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளை புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்று கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். முஸ்லிம்களிடம் வேறு மஹல்லாவிலிருந்து மாப்பிள்ளை வந்தால் அந்த ஜமாஅத்தின் கடிதம் கேட்கிறார்கள் அல்லவா, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் ஆளுக்கான வில்லங்கச் சான்றுதான். பதிவேடு அலுவலகத்தைச் சுற்றி இல்லை, மனிதரைச் சுற்றி இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் இன்னொரு விதத்தில் கெட்டிக்காரர்கள். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் கோயிலில் முதலில் நடந்த கல்யாணம் 1680 நவம்பரில் எலிஹு யேலுடையது. 1753 பிப்ரவரி 18இல் ராபர்ட் கிளைவுக்கு அங்கேதான் கல்யாணம். இப்படிச் சென்னை மாகாணத்துக் கோயில் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பெயர் அட்டவணையோடு இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டைக்குள் நடந்த வெள்ளைக்காரர் கல்யாணத்தை என்னால் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடிக்க முடியும். 1975இல் மயிலாப்பூரில் நடந்த பெரியம்மா கல்யாணத்துக்கு மூன்று தடவை அலைந்தோம்.

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் "கலியாண எழுத்து" என்று ஒன்றைத் தனியாகவே சொல்வார்கள். தாலி ஒரு நாள், எழுத்து ஒரு நாள். இலங்கைச் சட்டத்தில் அந்தப் பதிவுதான் திருமணத்துக்குச் சிறந்த சாட்சி. நம் ஊரில் தலைகீழ். இந்து திருமணச் சட்டம் 8(5), பதியாததால் கல்யாணம் செல்லாமல் போகாது என்கிறது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சடங்கு நடக்காமல் சான்று மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணமே ஆகாது என்றும் சொன்னது. இங்கே காகிதம் கல்யாணத்தை உண்டாக்குவதும் இல்லை, இல்லாமல் ஆக்குவதும் இல்லை.

ஆகவே பதிவேட்டை எவ்வளவு சீர்படுத்தினாலும் "இவருக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்று அதனால் சொல்ல முடியாது. "எங்கள் ஏட்டில் இல்லை" என்று மட்டும் சொல்லலாம். மனைக்கும் அப்படித்தானே? வில்லங்கச் சான்று பதிந்த பத்திரத்தை மட்டும் காட்டும், பதியாத ஒப்பந்தம் அதில் தெரியாது. இருந்தும் அதைப் பார்க்காமல் யாரும் மனை வாங்குவதில்லை.

யார் கேட்கலாம்?

அப்படியானால் நண்பன் கேட்டபடி யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கும் வசதி வர வேண்டுமா? யோசித்துப் பார்த்தேன், வேண்டாம். அந்த வசதி வந்த மறுநாள் அதை முதலில் திறப்பது தங்கைக்காகக் கவலைப்படும் அண்ணன் இல்லை. ஓடிப்போன மகளைத் தேடும் அப்பா. அறிவிப்புப் பலகையை எடுக்கச் சொல்லிவிட்டு அதையே இணையத்தில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேட்கும் உரிமை சம்பந்தப்பட்டவருக்கு இருக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றை மாப்பிள்ளையேதான் எடுத்து வருகிறார். அதே மாதிரி, என் பெயரில் என்னென்ன திருமணப் பதிவு இருக்கிறது என்று மாநிலம் முழுக்கத் தேடி எனக்கே ஒரு சான்று தரட்டும். வரன் பேசும்போது ஜாதகம் கேட்கிற மாதிரி அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொண்டுவர மறுத்தால் அதுவே ஒரு பதில். மனைவி என்று சொல்லி வரும் பெண்ணுக்குத் தன் பெயரில், அப்பா இனிஷியலிலும் கணவர் இனிஷியலிலும், தேடித்தரும் கடமை அலுவலகத்துக்கு இருக்கட்டும்.

இப்போதும் வருவாய்த்துறை "திருமணமாகாதவர்" என்று ஒரு சான்று தருகிறது. கணவனால் கைவிடப்பட்டவர், விதவை என்றும் சான்றுகள் தருகிறது. எல்லாமே அக்கம்பக்க விசாரணையின் பேரில். அந்த விசாரணையோடு பதிவேட்டையும் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை.

தேடப் போகிறவர்களுக்கு

அதுவரை, கையில் இருப்பதை வைத்துத் தேட வேண்டியதுதான். கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக்கும்போது தை, மாசி, பங்குனி என்றால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழிக் கடைசியும் அப்படியே. பெண்ணின் பெயரை அப்பா இனிஷியலோடும் எழுதிக் கொடுங்கள். கல்யாண வருஷத்தோடு அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். வீடு, வேலை, பாஸ்போர்ட் என்று எந்தக் காரணத்துக்காகப் பதிந்தார்கள் என்று விசாரித்தால் எப்போது என்பது தானாக வரும்.

பதியாத பழைய கல்யாணம் என்றால் மண்டப ரசீது, கோயில் ரசீது, மொய் நோட்டு. சுயமரியாதைத் திருமணங்களை 1967க்கு முன்னால் சட்டம் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றைச் செல்லாது என்றே சொன்னது. அண்ணா ஆட்சியில் வந்த 7ஏ பிரிவு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அவற்றுக்குக் குடிஅரசு இதழின் திருமணச் செய்திகளே பதிவேடு மாதிரி. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு நடை போங்கள். கோட்டையூரில் அவர் சேர்த்துவைத்தவற்றில் கல்யாண அழைப்பிதழ்களும் உண்டு.

நண்பனிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "பையனையே கேளு. நீ கேக்காத, தங்கச்சியைக் கேக்கச் சொல்லு" என்றேன். "அதெப்படி கேக்கிறது?" என்றான். மனைக்காரரிடம் மூலப்பத்திரம் கேட்க இவன் கூச்சப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கல்யாணம் பதிவாகியிருந்தால், சான்றைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அலுவலகம், ஆண்டு, எண் மூன்றையும் கல்யாண போட்டோவின் பின்பக்கம் எழுதி வையுங்கள். சான்று தொலையும், போட்டோவை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். பெரியம்மா இப்போது அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்.